‘நல்லா இருக்கேன் டாக்டர்’ என்று சொல்லிவிட்டு வரும் அம்மா

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது. மணப்பாறை பக்கம் ஒரு கிராமத்தில் தம்பி வீட்டில் இருக்கிறார். எட்டு வருடமாக சுகர், பி.பி. இரண்டும் உண்டு. மாதம் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வருவார். ரத்தம் எடுக்கிற நாளில் மாத்திரை போடக் கூடாது என்று யாரோ சொன்னதால், போடாமலே போவார். பக்கத்துக் கடையில் டிபன் சாப்பிட்டுவிட்டு இரண்டாவது ரத்தமும் கொடுப்பார். போன மாதம் அது 268 வந்ததாம். காலையில் மட்டும் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையை ராத்திரியும் போடச் சொல்லிவிட்டார்கள். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்று தம்பி போனில் படித்துச் சொன்னான். இப்போது சில நாட்களாக விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி எழுந்து உட்கார்ந்துவிடுகிறார், படபடப்பாக வருகிறதாம். கால் எரிச்சல் ஒரு வருடமாகவே இருக்கிறது. இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னாயா என்று கேட்டால், “அங்க அவ்வளவு கூட்டம்டி. எப்படி இருக்கீங்கன்னு கேட்டாரு, நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்” என்கிறார். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். அடுத்த மாதம் லீவு போட்டு நானே கூட்டிப் போகலாம் என்றிருக்கிறேன். என்ன எடுத்துப் போக வேண்டும், என்ன கேட்க வேண்டும்? பேசாமல் தனியார் டாக்டரிடம் மாற்றிவிடலாமா?

— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் ஒன்று. அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம். இந்தப் பதிலைப் படித்ததும் தம்பிக்குப் போன் போடுங்கள். அம்மாவை நாளைக் காலையிலேயே சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள்.

விடியற்காலை வியர்வை, படபடப்பு, ராத்திரி மாத்திரை கூட்டிய பிறகு ஆரம்பித்தது: இந்த மூன்றும் சேர்ந்தால் எனக்கு முதலில் வருகிற சந்தேகம் தாழ்சர்க்கரை, அதாவது ரத்தத்தில் சர்க்கரை தேவைக்கும் கீழே இறங்கிவிடுவது. கிளிமிபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லித் தூண்டுகிற மாத்திரை. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. நம் ஊரில் வயதான பெண்கள் ராத்திரி என்ன சாப்பிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். எல்லோருக்கும் போட்டுவிட்டு, மிச்சம் இருந்தால் இரண்டு வாய், இல்லாவிட்டால் ஒரு டம்ளர் மோர். அந்த வயிற்றோடு மாத்திரையும் போட்டுப் படுத்தால் விடிவதற்குள் சர்க்கரை இறங்கிவிடலாம்.

வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ குளுக்கோமீட்டர் இருந்தால், அப்படி வியர்த்து எழும்போதே குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் அது தாழ்சர்க்கரைதான். மீட்டர் இல்லையென்றால் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம், தாழ்சர்க்கரை என்றே வைத்துக்கொள்ளலாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. சரியானதும் இட்லியோ பிஸ்கட்டோ ஏதாவது சாப்பிட வேண்டும், ஏனென்றால் இந்த வகை மாத்திரையால் இறங்கிய சர்க்கரை, ஏறிவிட்டது என்று நாம் படுத்த பிறகு மறுபடி இறங்கக்கூடும். நினைவு தப்பிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான். வியர்வையோடு மூச்சு வாங்குவது, நெஞ்சு அழுத்துவது, தாடையோ கையோ வலிப்பது இருந்தாலும் 108 தான். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு சில நேரம் பெரிய வலி இல்லாமல் வெறும் வியர்வையும் களைப்புமாகவே வரும்.

மாத்திரையை நிறுத்து, பாதியாக்கு என்று இங்கிருந்து நான் எழுத மாட்டேன். பார்க்காத ஆளுக்கு அப்படி எழுதுவது சரியில்லை. ஆனால் நாளைக் காலை அங்கே சொல்ல வேண்டிய வாக்கியம் இதுதான்: “ராத்திரி மாத்திரை சேர்த்ததுக்கு அப்புறம் விடியக்காலைல வேர்த்துப் படபடன்னு வருது டாக்டர்.” இதை மட்டும் சொன்னாலே போதும், அவர் மீதியைக் கேட்டுக்கொள்வார்.

சரி, இப்போது அந்த 268-க்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

அன்றைக்கு அம்மா மாத்திரை போடவில்லை. கடையில் டிபன் சாப்பிட்டார். என்ன சாப்பிட்டார் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் பசியோடு காலை முழுக்க உட்கார்ந்திருந்தவர் கடைக்குப் போனால் பூரியோ பொங்கல் வடையோ சாப்பிட்டிருப்பார், இனிப்பாக ஒரு டீயும் குடித்திருப்பார். அப்புறம் ரத்தம் கொடுத்தார். 268 வந்தது. டாக்டர் கண்ணுக்கு என்ன தெரிந்தது? மாத்திரை போட்டும் 268. அப்படியென்றால் மாத்திரை போதவில்லை என்றுதானே நினைப்பார்? “எப்படி இருக்கீங்க” என்று கேட்டதற்கு “நல்லா இருக்கேன்” என்று பதில் வந்தது. சர்க்கரை அதிகம், தொந்தரவு ஒன்றும் இல்லை. கூட்டிவிட்டார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

முழுக்க அதனால்தான் ஏறியது என்று நான் சொல்லவில்லை. உண்மையிலேயே கட்டுப்பாடு போதாமலும் இருக்கலாம். ஆனால் அன்றைய எண்ணை வைத்து அதைச் சொல்ல முடியாது. இப்படி ஒவ்வொரு மாதமும் நடந்தால், மாத்திரை போடாத நாளின் எண்ணுக்காக மாத்திரை ஏறிக்கொண்டே போகும். மற்ற 29 நாளும் அம்மா அந்தக் கூடுதல் மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருப்பார். தாழ்சர்க்கரையில் கொண்டுபோய் விடுகிற வழி இதுதான். இதன் மறுபக்கமும் உண்டு. மூன்று நாள் பத்தியம் இருந்து, களியும் கீரையுமாகச் சாப்பிட்டு, ரத்தம் கொடுத்து, “பரவாயில்லையே, 140 தான்” என்று பாராட்டு வாங்கி, வரும் வழியிலேயே ஜாங்கிரி வாங்குகிறவர்கள். இவர்களுக்கும் தவறான வைத்தியம்தான் நடக்கிறது. பரிட்சையில் பாஸாவதற்காக ரத்தம் கொடுக்கக் கூடாது. வழக்கமான ஒரு நாள் எப்படி இருக்கிறது என்பதுதான் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

ஆக, ரத்தப் பரிசோதனை நாளில் செய்ய வேண்டியது இது. முந்தின ராத்திரி எப்போதும் சாப்பிடுவதைச் சாப்பிட்டுவிட்டு, அதன்பின் எட்டிலிருந்து பத்து மணி நேரம் வெறும் வயிறு. தண்ணீர் குடிக்கலாம், காபி டீ கூடாது. காலை சுகர் மாத்திரையைப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். யாரோ சொன்னதில் இந்தப் பாதி சரி. வெறும் வயிற்றில் சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டு வரிசையில் நின்றால் மயக்கம் வந்துவிடலாம். முதல் ரத்தம் எடுத்ததும், மாத்திரையை வழக்கம்போல் போட்டு, வீட்டில் என்ன சாப்பிடுவாரோ அதையே சாப்பிட வேண்டும். டப்பாவில் கட்டிக்கொண்டு போய்விடுவது நல்லது, மூன்று இட்லி என்றால் மூன்று இட்லி. முதல் வாய் வைத்த நேரத்தைப் பார்த்து வைத்து, அதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து இரண்டாவது ரத்தம். சாப்பிட்டு முடித்த நேரத்திலிருந்து அல்ல. பி.பி. மாத்திரையை, டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் ஒழிய, காலையில் தண்ணீரோடு எப்போதும் போல் போட்டுவிட்டே போகலாம். அதையும் நிறுத்திவிட்டுப் போய் பி.பி. எகிறியிருக்கிறது என்று அதற்கும் ஒரு மாத்திரை கூட்டி வாங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

என்ன எடுத்துப் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். சுகர் நோட்டு, பழைய சீட்டுகள், லேப் காகிதங்கள் எல்லாம் சரி. அவற்றையெல்லாம்விட முக்கியம் மாத்திரைகள். பெயர் எழுதிய காகிதம் போதாது, மாத்திரைகளே வேண்டும். ஒரு மஞ்சள் பையை எடுத்து, வீட்டில் அம்மா வாயில் போடுகிற எல்லாவற்றையும் அதில் கொட்டுங்கள். அலமாரி, ஃபிரிட்ஜ் மேல், சாமி படத்துக்குப் பின்னால், தலையணைக்கு அடியில், சுருக்குப் பையில், எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் பாருங்கள்.

அந்தப் பையைக் கொட்டிப் பார்த்தால் என்ன வரும் என்று எனக்கு ஓரளவு தெரியும். ஒரே மருந்து இரண்டு பெயரில் இருக்கும். சுகாதார நிலையத்தில் கொடுத்தது ஓர் அட்டை, போன வருடம் காய்ச்சலுக்குப் போன தனியார் டாக்டர் எழுதியது இன்னோர் அட்டை, கம்பெனிப் பெயர் வேறு, உள்ளே இருப்பது அதே கிளிமிபிரைடு. உங்கள் பக்கத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். சுகர், பி.பி. மாத்திரைகளைத் தன்னார்வலர்கள் வீட்டு வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நடக்க முடியாதவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் வீட்டிலும் வாங்கி, நிலையத்துக்கு வந்தபோதும் வாங்கி, இரண்டையும் போடுகிறவர்கள் உண்டு. சப்ளை மாறும்போது மாத்திரையின் நிறமும் அளவும் மாறிவிடும். படிக்கத் தெரியாதவர்கள் “வெள்ளைப் பெரிசு, ரோஸ் கலர் சின்னது” என்றுதான் அடையாளம் வைத்திருப்பார்கள். நிறம் மாறியதும் அது புது மாத்திரை என்று நினைத்து, பழையது தீரும் வரை இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள். அட்டையைக் கத்தரித்துக் கவரில் போட்டுக் கொடுத்தால் பெயரே இருக்காது. அப்படி இருப்பவற்றைத் தனியாகக் காட்டுங்கள், பார்மசியில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

அடுத்து, மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கியது. டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகளை வாரக்கணக்கில் போட்டால் கிட்னிக்கு ஆகாது, பி.பி.யையும் ஏற்றும். கிட்னி தளர்ந்தால் சுகர் மாத்திரை உடம்பில் கூடுதல் நேரம் தங்கும், அப்போதும் சர்க்கரை இறங்கும். இளைப்புக்கோ மூட்டுக்கோ ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் சில நாள் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறும், அதையும் சொல்லியாக வேண்டும்.

பிறகு பொடிகள். நாவல் கொட்டை, வெந்தயம், ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான். இவற்றைச் சொன்னால் டாக்டர் திட்டுவார் என்று பயந்து மறைப்பார்கள். சில டாக்டர்கள் திட்டவும் செய்கிறார்கள், அது தவறு. தெரிந்தால்தானே கணக்கில் எடுத்துக்கொள்ள முடியும். வெந்தயத்தைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. பெயரும் லேபிளும் இல்லாமல் ‘சுகர் அடியோடு போய்விடும்’ என்று பொட்டலமாகக் கொடுப்பதுதான் கவலை. அப்படிப்பட்டவற்றில் இங்கிலீஷ் சுகர் மாத்திரையையே பொடித்துக் கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. அம்மாவின் பையில் அப்படி ஏதாவது இருந்தால் விடியற்காலை வியர்வைக்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம்.

மிச்சம் இருக்கிற மாத்திரைகளையும் எண்ணிப் பாருங்கள், அம்மாவைக் குற்றம் பிடிப்பதற்காக அல்ல. ஒரு மாதத்துக்குக் கொடுத்ததில் பாதி மீந்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். மெட்ஃபார்மின் வயிற்றைப் புரட்டுகிறது, பேதியாகிறது என்று விட்டிருக்கலாம். சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டாலோ, மெதுவாகக் கரைகிற வகைக்கு மாற்றினாலோ அது பெரும்பாலும் சரியாகிவிடும். வெள்ளி, செவ்வாய் விரதம் இருக்கலாம். விரத நாளில் எந்த மாத்திரையைப் போடலாம், எதை விடலாம் என்று கேட்டு வைத்துக்கொள்வது ரொம்ப அவசியம், யாரும் கேட்பதில்லை. நூறு நாள் வேலைக்குப் போகிற அன்றைக்கு அடிக்கடி சிறுநீர் கழிக்க இடம் இல்லை என்று தண்ணீரையே குறைக்கிறவர்களும் உண்டு. டாக்டருக்கு எப்படித் தெரியும் இதெல்லாம்?

எழுதி எடுத்துப் போவது பற்றி. மாதம் முழுக்கக் கட்டம் போட்டு எழுதச் சொல்ல மாட்டேன். எழுத ஆரம்பிப்பவர்கள் மூன்றாம் நாள் நிறுத்திவிடுவார்கள், கடைசி நாளில் ஒரே பேனாவால் மொத்தத்தையும் நிரப்பிக் கொண்டுவருவார்கள், பார்த்தாலே தெரியும். போவதற்கு முன்னால் மூன்று நாள் போதும். மீட்டர் இருந்தால் காலை வெறும் வயிற்றில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று, வியர்த்த நேரத்தில் ஒன்று. எண்ணுக்குப் பக்கத்தில் என்ன சாப்பிட்டார், மாத்திரை போட்டாரா என்று இரண்டு சொல். மீட்டர் இல்லையா? தொந்தரவு வந்த நேரத்தை மட்டும் தம்பி மகளோ மகனோ காலண்டரில் குறித்து வைக்கட்டும். ‘செவ்வாய், விடியற்காலை 4 மணி, வியர்வை, சர்க்கரைத் தண்ணி குடித்ததும் சரி.’ இந்த ஒரு வரி எனக்கு ஒரு லேப் ரிப்போர்ட் அளவுக்கு உதவும்.

கூட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய், அதற்கும் மேலே 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் விளிம்பில் என்றது அது. அந்தக் கூட்டத்தில் ஒரு பங்குதான் உங்கள் ஊர் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறது. டாக்டருக்கு அம்மாவுடன் கிடைப்பது இரண்டு நிமிடம் என்றால், அதை நாம் நீட்ட முடியாது. எதை முதலில் சொல்கிறோம் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. பொதுவாக என்ன நடக்கிறது? முதலில் தலைவலி, அப்புறம் இடுப்பு, அப்புறம் சத்து டானிக். எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி, “அப்புறம் டாக்டர், இந்தக் கால்ல ஒரு புண்ணு…” என்பார்கள். அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டிருப்பார். பெரியதை முதலில் சொல்ல வேண்டும். போகிற வழியில் பஸ்ஸிலேயே அம்மாவும் நீங்களும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்: இன்றைக்கு இரண்டு விஷயம். இந்தத் தடவை வியர்வையும் காலும். இடுப்பு வலி அடுத்த தடவை.

அம்மாவே பேசட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். மகள் பேச ஆரம்பித்துவிட்டால் அம்மா வாயே திறக்க மாட்டார், அடுத்த மாதம் தனியாக வரும்போது மறுபடி “நல்லா இருக்கேன்” தான். விட்டுப்போனதை மட்டும் நீங்கள் எடுத்துக் கொடுங்கள். இன்னொன்று, ஆண் டாக்டரிடம் சொல்லக் கூசுகிற தொந்தரவுகள் உண்டு. அந்தரங்க இடத்தில் அரிப்பு, வெள்ளைப்படுதல், இருமினால் சிறுநீர் கசிவது. சர்க்கரை அதிகமாக இருக்கும் பெண்களுக்கு இவை சகஜம், வைத்தியமும் உண்டு. நீங்கள் தனியாக ஒருமுறை கேட்டுப் பாருங்கள், இருந்தால் நர்ஸம்மாவிடம் சொல்லச் சொல்லுங்கள். சுகர், பி.பி. பார்க்கிற தொற்றா நோய்ப் பிரிவு நர்ஸுக்கு உங்கள் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குப் பழக்கம் இருக்கும். பல நேரம் டாக்டரைவிட அவரிடம் பேசுவதுதான் சுலபம்.

கால் எரிச்சலுக்கு வருகிறேன். ஒரு வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள், இது சின்ன விஷயம் அல்ல. நரம்பு பாதிக்கத் தொடங்கியிருக்கலாம். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் போடுகிறவர்களுக்கு பி12 வைட்டமின் குறைந்தாலும் இதே எரிச்சல் வரும். அதற்கு மருந்து வேறு, அதனால் “மெட்ஃபார்மின் எட்டு வருஷமா போடுறாங்க, பி12 பார்க்கணுமா” என்று கேளுங்கள். உள்ளே போனதும் செருப்பைக் கழற்றி, சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி, பாதத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாத காலை இரண்டு நிமிடத்தில் யாரும் கேட்டுப் பார்க்க மாட்டார்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை ஒன்று உண்டு. வலிக்காது, ஒரு நிமிடம்தான். வருடம் ஒருமுறையாவது செய்ய வேண்டும். செருப்பு கழன்று போனதே தெரியாமல் நடந்தாரா, சூடு தெரியாமல் மிதித்தாரா என்று அம்மாவிடம் வீட்டிலேயே கேட்டு வையுங்கள். எரிகிற காலாவது இருப்பதைக் காட்டிக்கொடுக்கிறது. மரத்துப்போன காலில் முள் ஏறினாலும் தெரியாது, அதுதான் எனக்கு அதிக பயம். கால் ஆணியைப் பிளேடால் சீவுவது, எரிச்சலுக்கு வெந்நீரில் கால் வைப்பது, இரண்டையும் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டியவை கண்ணின் விழித்திரை, கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டுகிற சிறுநீர் ஆல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின், பிறகு கொழுப்பு. பார்வை நன்றாகத்தான் இருக்கிறது என்று கண்ணை விட்டுவிடாதீர்கள், விழித்திரை பாதிப்பு முற்றும் வரை பார்வை மங்காமலே இருக்கலாம். கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார்கள், சில மணி நேரம் கண் கூசும், அன்றைக்குத் துணைக்கு ஆள் வேண்டும். நோட்டின் முதல் பக்கத்தில் இந்த நான்கையும் எழுதி எதிரே கடைசியாகப் பார்த்த தேதியைப் போடுங்கள். காலியாக இருக்கிற இடத்தை டாக்டரிடம் காட்டினால் போதும், அங்கே வசதி இல்லாததற்குத் தாலுகா மருத்துவமனைக்கோ மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ எழுதிக் கொடுப்பார்.

மூன்று மாதச் சராசரி என்று சொல்கிற ஹெச்பிஏ1சி சோதனையையும் கேளுங்கள். அம்மாவின் 268 குழப்பத்துக்கு அதுதான் விடை சொல்லும். ஒரு நாள் டிபனும் ஒரு வேளை மாத்திரையும் அதைப் பெரிதாக மாற்றாது. மருந்து மாற்றினால் மூன்று மாதம் கழித்து, எல்லாம் சீராக இருந்தால் வருடத்துக்கு இரண்டு முறை எடுக்கலாம். ரத்தசோகை இருந்தால் அந்த எண்ணும் தவறாக வரும், நம் பெண்களுக்கு அது அதிகம், எனவே ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட் வந்ததும் கேட்க வேண்டிய கேள்வி “நார்மலா” என்பது அல்ல, “எங்க அம்மாவுக்கு எவ்வளவு இருந்தால் போதும்?” என்பது. பலருக்கு 7-க்குள் வேண்டும் என்போம். வயதாகி, தாழ்சர்க்கரை அடிக்கடி வருகிறவருக்கு 8 வரைகூட விட்டுவிடுவோம். பக்கத்து வீட்டு அக்காவின் எண்ணோடு ஒப்பிட்டுப் பயன் இல்லை.

இன்சுலின் போடுகிறவர்கள் வீட்டில் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை. நீங்கள் மருந்துக் குப்பியையும் சிரிஞ்சையும் சேர்த்தே எடுத்துப் போங்கள். நம் ஊரில் குப்பியில் வருவது பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் வகை, அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் வகைக்கு ஆரஞ்சு மூடி. மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு கூடவோ குறையவோ செய்யும். ஊசி போடுகிற இடத்தையும் காட்டுங்கள். ஒரே இடத்தில் போட்டுப் போட்டுக் கட்டியாகியிருந்தால் அங்கே மருந்து ஒழுங்காக ஏறாது.

தனியாருக்கு மாற்றலாமா என்ற கேள்விக்கு என் பதில்: இப்போது வேண்டாம். நீங்கள் எழுதியதில் அந்த டாக்டர் மீது எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. இதே அம்மா இதே “நல்லா இருக்கேன்” உடன் ஐநூறு ரூபாய் ஃபீஸ் வாங்குகிற டாக்டரிடம் போனாலும், மாத்திரை போடாத அதே காலை ரத்தத்தோடு போனாலும், நடப்பது வேறாக இருக்காது. கூடுதலாக இன்னொரு கம்பெனிப் பெயரில் அதே மாத்திரை வீட்டுக்கு வரும். வியர்வையைச் சொல்லியும் கண்டுகொள்ளாமல் அனுப்பினால், அல்லது தாழ்சர்க்கரை திரும்பத் திரும்ப வந்தால், அப்போது மேல் மருத்துவமனைக்குப் போங்கள். எங்கே போனாலும் அந்த மஞ்சள் பை கூடவே போகட்டும், ஓர் இடத்தில் எழுதியதை இன்னோர் இடத்தில் மறைக்காதீர்கள்.

வெளியே வருவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. என்ன மாற்றினார்கள் என்பதை அம்மா தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். “காலைல சாப்பாட்டுக்கு முன்னாடி இது ஒண்ணு, சாப்பிட்டதும் பெரிசு ஒண்ணு, ராத்திரி பெரிசு மட்டும், சரிதானே டாக்டர்?” தவறாகச் சொன்னால் அங்கேயே திருத்திவிடுவார்கள். பிறகு மாத்திரை வாங்கியதும் வராந்தாவிலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு அட்டையிலும் பேனாவால் சூரியனோ பிறையோ வரைந்துவிடுங்கள். நிறுத்திய மாத்திரை ஏதாவது இருந்தால் அதை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், பார்மசியிலேயே கொடுத்துவிடுங்கள். வீட்டுக்குப் போனால் ‘வீணாகிவிடுமே’ என்று அம்மா போட்டுவிடுவார்.

நாளைக்குத் தம்பி கூட்டிப் போனால் உங்கள் லீவு வீண் என்று நினைக்காதீர்கள். நாளை வியர்வைக்கு மட்டும் வழி பார்க்கட்டும். நீங்கள் அடுத்த மாதம் போகும்போது பை, நோட்டு, கால், கண் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்கலாம். தம்பி மனைவியையும் அன்றைக்குக் கூடவே கூட்டிப் போங்கள். ராத்திரிச் சாப்பாடு அவர் கையில்தான் இருக்கிறது. அம்மா சாப்பிடாமல் மாத்திரை போடுகிறாரா என்பது திருப்பூரில் இருக்கும் உங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.